உரிமம் மாறும் நாள்: திறமூல மென்பொருளில் நிறுவனங்களின் பங்கேற்பும் அதிகாரமும்

திறமூல மென்பொருளில் ஒரு நிறுவனத்தின் பங்கேற்பை அளக்க முற்படுவோர் எண்ணக்கூடியவற்றையே எண்ணுகிறார்கள்: எத்தனை பொறியாளர்கள், எத்தனை திருத்தங்கள், அறக்கட்டளைக்கு எவ்வளவு சந்தா. தேவையான கணக்குகள்தாம். ஆனால் எல்லாம் சுமுகமாக நடக்கும் காலத்தை மட்டுமே இவை காட்டும். விதியை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே பங்கேற்பின் தன்மையைத் தீர்மானிக்கிறது. பங்களிப்பின் அளவைக் கொண்டு அதை ஊகிக்க முடியாது. இதுவே இக்கட்டுரையின் வாதம். ரெடிஸ், போஸ்ட்கிரெஸ் என்னும் இரு தரவுத்தளங்களில் 2020இல் நடந்ததை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

ரெடிஸ், தரவை நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு நொடியில் எடுத்துத் தருவது. இத்தாலியரான சால்வத்தோரே சான்ஃபிலிப்போ 2009இல் அதை வெளியிட்டார். 2020 ஜூனில் அவர் பொறுப்பிலிருந்து விலகியதும் ஐவர் குழு ஒன்று நிர்வாகத்தை ஏற்றது. மூவர், ரெடிஸை வணிகமாக நடத்திய ரெடிஸ் லேப்ஸ் நிறுவனத்தின் ஊழியர்கள். அலிபாபாவிலிருந்து ஒருவர், அமேசானிலிருந்து ஒருவர். பார்வைக்கு நல்ல ஏற்பாடுதான். அதே ஆண்டில் போஸ்ட்கிரெஸின் மையக் குழுவிலும் ஐவரில் மூவர் ஒரே நிறுவனத்துக்காரர்கள் ஆனார்கள். என்டர்பிரைஸ்டிபி என்ற நிறுவனம் செகண்ட்குவாட்ரன்ட்டை வாங்கியதால் நேர்ந்த நிலை அது. ஆனால் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தோர் மையக் குழுவில் பாதிக்கு மேல் இருக்கலாகாது என்ற எழுதாத விதி அங்கே நெடுநாளாக இருந்தது. யாரும் யாரையும் விலகச் சொல்லவில்லை. நவம்பரில் வேறு நிறுவனங்களிலிருந்து இருவரைச் சேர்த்துக் குழுவை ஏழாக்கினார்கள். ஐந்தில் மூன்று ஏழில் மூன்றாயிற்று. எழுத்தில் இல்லாத விதிக்கு இத்தனை மதிப்பு இருந்ததைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ரெடிஸில் அந்த ஐவர் குழு முடிவெடுக்கும் இடமாகவே இருக்கவில்லை என்பது 2024 மார்ச் 20 அன்று தெரிந்தது. 7.4 பதிப்பு முதல் பி.எஸ்.டி. உரிமம் கைவிடப்படும், மேகக்கணிமை நிறுவனங்கள் அதைச் சேவையாக விற்பதைக் கட்டுப்படுத்தும் உரிமங்கள் வரும் என்று ரெடிஸ் நிறுவனம் அறிவித்தது. பி.எஸ்.டி. உரிமத்தின் கீழ் வந்த நிரலை எவரும் எடுத்து மூடிக்கொள்ளலாம் என்பதால் சட்டப்படி இதில் தவறில்லை. அந்த உரிமை அமேசானுக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. ரெடிஸ் என்ற பெயரின் வர்த்தக முத்திரை மட்டும் அந்த நிறுவனத்திடமே இருந்தது. எட்டே நாளில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ என்ற கிளைத் திட்டம் (ஃபோர்க்) தொடங்கப்பட்டது, 7.2.4 பதிப்பை அடித்தளமாகக் கொண்டு, அமேசான், கூகுள், ஆரக்கிள், எரிக்சன் முதலியவற்றின் ஆதரவுடன். எலாஸ்டிக் நிறுவனம் 2021இலும் ஹாஷிகார்ப் நிறுவனம் 2023இலும் தம் மென்பொருளின் உரிமத்தை மாற்றியபோது ஓப்பன்சர்ச், ஓப்பன்டோஃபு என்ற ஃபோர்க்குகள் பிறந்தது இதே வழியில்தான்.

நிறுவனங்களின் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருவர் முதலீடு போட்டு வளர்க்க, இன்னொருவர் அதையே வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பது எரிச்சலூட்டும். ஆனால் ரெடிஸ் விஷயத்தில் இந்த முறையீடு பாதிதான் பொருந்துகிறது. வெளியிலிருந்து உழைத்தவர்களில் முக்கியமானவர்கள், குற்றம் சாட்டப்பட்ட மேகக்கணிமை நிறுவனங்களின் சம்பளப் பட்டியலிலேயே இருந்தார்கள். வால்கீ சில நாளில் எழுந்து நின்றது அவர்களால்தான். பங்களிக்காதவர்களைத் தடுக்க வந்த உரிமம் பங்களித்தவர்களையும் சேர்த்தே வெளியேற்றிவிட்டது.

லினக்ஸ் கெர்னலில் இப்படி ஒரு நிறுவனம் உரிமத்தை மாற்றுவது ஏன் நடக்கவில்லை? 2003இல் எஸ்.சி.ஓ. நிறுவனம், யூனிக்ஸ் நிரலை லினக்ஸுக்குள் கொண்டுபோனதாக ஐ.பி.எம். மீது வழக்குத் தொடுத்தது. யாருடைய நிரல் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டிய நெருக்கடி உண்டானது. பதிப்புரிமை அனைத்தையும் ஓரிடத்தில் எழுதி வாங்கிக்கொள்வது அதற்கு ஒரு வழி. லினஸ் டோர்வால்ட்ஸ் 2004இல் வேறொன்றைத் தேர்ந்தார். ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் 'சைன்டு-ஆஃப்-பை' என்று ஒரு வரி, பெயர், மின்னஞ்சல் முகவரி. இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி மட்டுமே அது, உரிமையாளர் மாறுவதில்லை. இன்டெல் ஊழியர் எழுதியது இன்டெல்லிடமே இருக்கும், ரெட் ஹேட்காரர் எழுதியது ரெட் ஹேட்டிடம். 2007இல் கெர்னலின் உரிமமான ஜி.பி.எல்.லின் மூன்றாம் பதிப்பு வந்தபோது டோர்வால்ட்ஸுக்கு அது பிடிக்கவில்லை. பிடித்திருந்தாலும் கெர்னலை அதற்கு மாற்ற ஆயிரக்கணக்கான உரிமையாளர்களிடம் சம்மதம் வாங்கியாக வேண்டும். போட்டியாளர்கள் அங்கே ஒன்றாக வேலை செய்வதற்கு நல்லெண்ணத்தைவிட இந்த முட்டுக்கட்டையே காரணம் என்பேன்.

ஆகவே ஒரு மென்பொருளைத் தன் தொழிலுக்கு எடுத்துக்கொள்ளும் நிறுவனம் உரிமக் கோப்பை மட்டும் படித்தால் போதாது. பங்களிப்பாளரிடம் என்ன ஒப்பந்தம் கேட்கிறார்கள், நிரலைச் சேர்க்கும் அனுமதி உள்ளவர்களுக்குச் சம்பளம் தருவது யார், பெயர் யாருடைய சொத்து என்பவற்றையும் பார்க்க வேண்டும். அரை நாள் வேலைதான். ஆனாலும் வாங்கும் முன் நிரப்பப்படும் மதிப்பீட்டுப் படிவங்களில் இக்கேள்விகளைக் காண்பது அரிது.

2025 மே மாதம் வந்த ரெடிஸ் 8இல் ஏ.ஜி.பி.எல். என்ற திறமூல உரிமமும் ஒரு தேர்வாகச் சேர்க்கப்பட்டது. சான்ஃபிலிப்போவும் அதற்கு முன்பே நிறுவனத்துக்குத் திரும்பியிருந்தார். ரெடிஸ் மீண்டும் திறமூலமாகிவிட்டது என்ற மகிழ்ச்சியில் பொருள் உண்டு. ஆனால் பி.எஸ்.டி. காலத்தில் ரெடிஸின் நிரலில் நிறுவனத்துக்கு இருந்த உரிமையே மற்றவர்களுக்கும் இருந்தது. இப்போது பங்களிப்பவர் நிறுவனத்துடன் தனி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அவர் எழுதியதைத் தான் விரும்பும் எந்த உரிமத்திலும் வெளியிட நிறுவனத்தால் முடியும், அவரைத் தவிர மற்ற எவராலும் முடியாது.