சும்மா இருந்த கணினி தூங்காத கதை



நாள் முழுதும் உழைத்த ஒருவர் இரவில் பாயில் படுக்கிறார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ கதவைத் தட்டி, "வேலை ஏதும் உண்டா?" என்று கேட்கிறார். "இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் மீண்டும் படுக்கிறார். விடிந்ததும், இரவெல்லாம் அவர் ஓய்வெடுத்தார் என்று நாம் சொல்லலாமா? படுத்திருந்தார், ஆனால் உறங்கவில்லை. கணினிக்கும் இதே தொல்லை நேர்ந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கணினிக்குள் கணக்குப் போடும் சில்லுக்குப் புரோசசர் என்று பெயர். வேலை இல்லாத நேரத்தில் இது உறங்கும். அந்த உறக்கத்தில் பல படிகள் உண்டு. உறக்கம் ஆழமானால் மின்செலவு குறையும். ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போவதற்கும் அதிலிருந்து எழுவதற்கும் சிறிது நேரமும் மின்சாரமும் தேவை. ஆகவே, அடிக்கடி எழுப்பப்படும் சில்லு மேலோட்டமாகவே கண்ணயரும். பேட்டரியோ விரைவில் தீர்ந்துவிடும்.

அதை எழுப்பியவர் யார்? பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் லினக்ஸ் என்னும் கணினி இயக்க முறையை வெளியிட்டார். நேரத்தைக் கணக்கிட அதற்குள் ஒரு மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. சாதாரணக் கணினிகளில் அது தொடக்கத்தில் விநாடிக்கு 100 முறை ஒலித்தது. 2003 டிசம்பரில் வந்த 2.6 என்னும் பதிப்பில் அது 1000 முறையாகியது. 2005இல் 250ஆகக் குறைத்தார்கள். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணி நிற்காது. விடுமுறை நாளிலும் பெரட்டுக்கு அழைப்பது போன்றதுதான் இது.

தாமஸ் கிளைக்ஸ்னர், இங்கோ மோல்நார் முதலிய வல்லுநர்கள் இதற்கு வழி கண்டார்கள். வேலை இல்லாதபோது மணியை நிறுத்திவிட்டு, அடுத்த வேலை வரும் நேரத்தில் மட்டும் எழுப்பும் முறை 2007 ஏப்ரலில் லினக்ஸில் சேர்ந்தது. இனித் தொல்லை தீர்ந்தது என்று எண்ணலாம் அல்லவா? தீரவில்லை. பெரிய மணியின் ஓசை அடங்கிய பிறகுதான், சின்னச் சின்னத் தட்டல்கள் காதில் விழுந்தன.

யார் தட்டுகிறார் என்பதைக் கண்டறிய, இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்யன் வான் டி வென் 2007 மே மாதத்தில் பவர்டாப் என்னும் கருவியை வெளியிட்டார். கணினியைப் பேட்டரியில் ஓடவிட்டு, எந்த வேலையும் கொடுக்காமல் இக்கருவியை இயக்க வேண்டும். விநாடிக்கு எத்தனை முறை சில்லு எழுகிறது என்று அது காட்டும். எழுப்புகிறவர்களின் பெயரையும் வரிசையாகக் காட்டும். வரிசையில் முதலில் நிற்பதை நிறுத்திப் பார்த்து, மறுபடியும் எண்ண வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும்.

குற்றவாளிகள் பெரியவர்கள் அல்லர். திரையில் கண்சிமிட்டும் எழுத்துக்குறி ஒன்று. குறுந்தட்டு போடப்பட்டதா என்று சில விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் நிரல் ஒன்று. ஒவ்வொன்றும் தான் செய்வது சிறிய வேலைதானே என்றிருந்தது. எல்லாம் சேர்ந்துதான் உறக்கத்தைக் கெடுத்தன. பெயர்கள் வெளிப்பட்டதும், நிரல் எழுதியவர்கள் திருத்தத் தொடங்கினார்கள். அடிக்கடி எட்டிப் பார்ப்பதை விட்டு, செய்தி வரும்வரை காத்திருக்கச் செய்தார்கள். அவசரமில்லாத வேலைகள் பலவற்றை ஒரே நேரத்தில் சேர்த்து வைத்தார்கள். பத்துப் பேர் பத்து முறை தட்டாமல், ஒரே முறை தட்டினால் போதுமன்றோ?

இது நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளமும் லினக்ஸே. கையில் தொடாமல் வைத்திருந்த கைப்பேசியிலும் பேட்டரி இறங்கினால், உடனே புதிய பேட்டரிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அமைப்புகள் பகுதியில் பேட்டரிப் பயன்பாட்டைத் திறந்து பாருங்கள். அங்கும் ஒரு பெயர் வரிசை இருக்கும். வேண்டாததை நிறுத்திவிட்டு, ஒரு நாள் கவனியுங்கள். பழுது பேட்டரியிலா, தட்டுகிறவரிடமா என்பது அப்போது புலப்படும்.

ஊகித்துச் செலவு செய்வதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த வரலாறு நமக்குத் தரும் பாடம் இதுவே.