கெய்ரோ வரை சென்ற கம்பெனி நாடகக் கலை

1960ஆம் ஆண்டு எகிப்தின் தலைநகர் கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய–ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில், ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காகச் சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகவும் ஜி. ராமநாதன் சிறந்த இசையமைப்பாளராகவும் பரிசு பெற்றது பெரும்பாலும் கோடம்பாக்கத்தின் வெற்றியாகவே பேசப்படுகிறது. ஆயினும், அந்நடிகர் 1928இல் பிறந்த விழுப்புரம், கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டு சிதம்பரத்தையும் தன்னுள் அடக்கியிருந்த அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதும், அவருடைய நடிப்பு திரைக்கூடங்களுக்கு முன்பே நாடகக் கொட்டகைகளில் உருவானது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கவை.

கெய்ரோ விழா, கான், வெனிஸ் போன்ற ஐரோப்பிய விழாக்களின் வழியில் வந்ததன்று. 1955இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் மாநாடு ஊட்டிய தோழமை உணர்விலிருந்து பிறந்த இவ்விழா, 1958இல் தாஷ்கண்டில் முதன்முறையும் கெய்ரோவில் இரண்டாம் முறையும் நடைபெற்றது. சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியதற்காக 1956இல் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் ஆகியவற்றின் படையெடுப்பைச் சந்தித்திருந்த அந்நகரத்து மக்களுக்கு, கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு வரி கட்ட மறுத்து 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரர் கட்டபொம்மனின் கதை அயலாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

எனினும் கதையின் பொருத்தம் மட்டுமே ஒரு நடிகருக்குப் பரிசு தேடித் தந்துவிடாது. இளமையிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்த கணேசன் பயின்றது, சங்கரதாஸ் சுவாமிகள் முதலியோர் வளர்த்த பாய்ஸ் கம்பெனி மரபில், அதாவது சிறுவர்களைக் கம்பெனி வீட்டிலேயே தங்கவைத்து, பாட்டும் வசனமும் அடவும் வாத்தியார்களைக் கொண்டு கற்பித்து, ஆண் வேடம், பெண் வேடம் இரண்டையும் ஏற்கச் செய்த பயிற்சி முறையில் ஆகும். கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் தெளிவாகவும் உணர்ச்சி குன்றாமலும் போய்ச் சேரவேண்டும் என்பதே அப்பயிற்சியின் முதல் விதி. அதனால் விளைந்த குரலின் ஏற்ற இறக்கத்தையும் நடையையும் கண்ணசைவையும் பிற்காலத்தில் மிகை என்று குறைகூறியவர்கள் உண்டு. தமிழ் அறியாத நடுவர்கள் முன் அந்த நடிப்பு வென்றது என்பதே அக்குறைக்குத் தக்க விடை. இப்படத்தின் கதையே, சக்தி கிருஷ்ணசாமி எழுதி, 1957 முதல் சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றிவந்த நாடகம்தான். பி. ஆர். பந்துலு அதனைத் திரைக்கு ஏற்றவாறு இயக்கினார். கேவாகலரில் எடுக்கப்பட்ட படச்சுருள் லண்டனில் டெக்னிகலர் பிரதியாக்கப்பட்டு, 1959 மே மாதத்தில் முதலில் லண்டனிலும் பின்னர் தமிழகத்திலும் திரையிடப்பட்டது.



சிவாஜி பிறந்த அதே தென்னார்க்காடு மாவட்டத்தின் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தன், 1965இல் வெளிவந்த ‘உன்னைப்போல் ஒருவன்’ மூலம் மேடைமரபுக்கு முற்றிலும் மாறான திரைமொழியை நாடித் தேசிய விருது பெற்றார் என்பது, இம்மண்ணின் பங்களிப்பு ஒரே வகையில் அடங்குவதன்று எனக் காட்டுகிறது. அவர் எழுத்தாளர் என்பதால் அவருடைய வரலாறு அச்சில் நிலைத்துவிட்டது. ஊர் ஊராகக் கொட்டகை போட்டு ஆடிய கம்பெனிகளின் வரலாறோ நோட்டீசுகளிலும் பழைய புகைப்படங்களிலும் முதியோர் நினைவுகளிலும் சிதறிக் கிடக்கிறது. கடலூர், சிதம்பரம், விழுப்புரம் பகுதிக் குடும்பங்களில் எஞ்சியுள்ள அத்தகைய ஆவணங்களை, நந்தனாராக 1942இல் திரையில் பாடி நடித்த தண்டபாணி தேசிகர் இசை கற்பித்த சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொகுத்துப் பாதுகாக்க முன்வர வேண்டும்.