புரொக்கோப்பியஸ் ஒருவரா, மூவரா?

ஆறாம் நூற்றாண்டு பைசாந்திய வரலாற்றாசிரியர் புரொக்கோப்பியஸைப் படிக்கிற யாரும் ஒரு இடத்துல முழிப்பாங்க. ஜஸ்டினியன் நடத்திய போர்களை நிதானமாக எழுதியவர், 'கட்டடங்கள்' நூலில் அதே பேரரசரைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார். 'ரகசிய வரலாறு'லயோ, அந்த ஆள் மனுசனே இல்ல, பேய்ங்கிறார்!

போர் நூலை மட்டும் 'உண்மையான' வரலாறாக எடுத்துக்கொள்வது அறிஞர்களின் வழக்கமாக இருந்தது. (ரெண்டு லாக் முரண்பட்டா பிடிக்காததை ஒதுக்குறது எங்க தொழில்லயும் உண்டு.) 1985இல் ஏவரில் கேமரன் இதை மறுத்து ஒரு முழுநூலே எழுதினார். புகழ்ச்சி, வசை, போர் வரலாறு, ஒவ்வொன்றுக்கும் தனி மரபு. எழுதியவர் ஒருவரே, மூன்றையும் சேர்த்துத்தான் படிக்கணும் என்றார்.

1940இல் இங்கிலாந்தின் லீக் என்ற சிற்றூரில் பிறந்தவர். மொமிக்லியானோவிடம் முனைவர் ஆய்வு, லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியர் பதவி. ஆண்களுக்காக 1870இல் தொடங்கி 1979இல்தான் பெண்களைச் சேர்த்த ஆக்ஸ்ஃபோர்டின் கீபிள் கல்லூரிக்கு, 1994இல் முதல் பெண் தலைவரானார்.

எனக்குப் பிடிச்சது தியோடோரா அத்தியாயம். அரசியைப் பற்றிய அந்தக் கிசுகிசுவை இன்னிக்கும் பலர் வாழ்க்கை வரலாறாகவே படிக்கிறாங்க. கேமரன் அதில் தேடியது, பெண் எப்படி இருக்கணும்னு புரொக்கோப்பியஸ் நினைத்தார் என்பதை.