கொண்டித்தொழுவும் வீட்டுமனையும்

1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தைப் படிப்பவர் ஒரு விலைப்பட்டியலைச் சந்திப்பார். அடுத்தவர் வெள்ளாமையில் வாய்வைத்துப் பிடிபட்ட யானையை மீட்க 2 ரூபாய். எருமைக்கும் ஒட்டகத்துக்கும் 8 அணா. பசு, காளை, குதிரைக்கு 4 அணா. கன்று, கழுதை, பன்றிக்கு 2 அணா. ஆட்டுக்கு 1 அணா. ஒட்டகத்தைப் பார்த்தேயிராத, இன்றைய தென்காசி மாவட்டத்து மேலநீலிதநல்லூர் மானாவாரிக் காட்டுக்கும் இதே பட்டியல்தான்.

1857இல் வந்த சட்டத்தைத் திருத்தி எழுதியதே இது. பயிரை மேய்ந்த மாட்டைச் சம்சாரியே பிடிக்கலாம்; 24 மணி நேரத்துக்குள் அடைப்புக்கு அனுப்பிவிட வேண்டும். 7 நாளில் உரியவர் வராவிட்டால் காவல் நிலையத்துக்குத் தகவல், பிறகு அறிவிப்பு, கடைசியில் ஏலம். அடைக்கக் கொண்டுபோகும் மாட்டை வம்பாகப் பிடுங்கிக்கொண்டு போனால் 6 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆட்டுக்கு 1 அணா வாங்கிய சட்டம், ஆட்டுக்காரன் கை நீட்டினால் 500 ரூபாய் கேட்டது என்பதிலிருந்தே அதன் கவலை எதுவென்று விளங்கும்.

அந்த அடைப்பைத் தென்மாவட்டத்தார் கொண்டித்தொழு என்றார்கள். சங்கப் பாடல்களில் கொண்டி என்பது கொள்ளையில் கவர்ந்த பொருள். ஊரில் அது பட்டி மேயும் மாட்டுக்குப் பெயரானது. சென்னை மாகாணத்தில் கிராமத் தலைவரே ஊர்த் தொழுவுக்கும் பொறுப்பாளர் என்று சட்டமே சொல்லிவிட்டதால், வரி வாங்கிய அதே ஆள் மாட்டையும் அடைத்தார். கிராம முன்சீப் உள்ளிட்ட பகுதிநேரக் கிராமப் பதவிகளை 1980 நவம்பர் 14ஆம் நாள் அவசரச் சட்டம் ஒழித்தபோது, அந்தப் பழைய ஏற்பாட்டின் ஆணிவேரும் அறுந்தது.

ஆனால் கொண்டித்தொழுவின் கதை அலைந்த மாட்டின் கதை மட்டுமே. தன் வீட்டுக் கொல்லையில் கட்டுத்தறியை விட்டு அசையாமல் நிற்கும் மாட்டைப் பற்றி 1871ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கவலை இல்லை. அந்த மாட்டைத் தேடி வந்தது சுகாதாரம். 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் நகர்களுக்கு உரிம முறையைக் கொண்டுவந்தது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்னும் ஒரு படி போனது: தொல்லைகளின் பட்டியலில், உடல்நலத்துக்குக் கேடாகும் இடத்திலோ விதத்திலோ வைத்திருக்கும் பிராணியையும் சேர்த்தது. மாடு எங்கே போனது என்ற கேள்விக்குப் பக்கத்தில், எங்கே கட்டியிருக்கிறது என்ற கேள்வி வந்து நின்றது. இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் இதுதான். பிற்காலச் சட்டங்கள் பெரும்பாலும் தொகையை மட்டுமே மாற்றின.

கேள்வி மாறியதற்கு நிலமும் ஒரு காரணம். பழைய ஊரமைப்பில் வீடு, களம், படப்பு, உரக்குழி, ஊரோரத்தில் மந்தை என்று ஒவ்வொன்றுக்கும் இடம் இருந்தது. காலையில் மாடுகள் மந்தையில் கூடி மேய்ச்சலுக்குப் புறப்படும். சென்னையின் மந்தைவெளி இன்று பெயரளவில் அதைச் சுமக்கிறது. சிங்கப்பூரில் இந்திய மாட்டுக்காரர்கள் தொழில் செய்த சிராங்கூன் சாலைப் பக்கம், மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள்படும் ‘கண்டாங் கெர்பாவ்’ இன்று ஒரு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையின் பெயரில் ‘கேகே’ என்ற சுருக்கமாக நிற்கிறது. தொழுவம் போன பிறகும் பெயர் மட்டும் போவதில்லை போலும்.

தென் தமிழகத்துக் கரிசலிலும் செவலிலும் மாடும் மாறியது. உழவு மாட்டின் இடத்துக்கு டிராக்டர் வந்தது. கறவைக்குக் கலப்பினப் பசு வந்தது. கன்னி ஆடும் செவ்வாடும் இன்னும் காட்டில் மேய்கின்றன. கலப்பினப் பசுவோ தொழுவில் நின்றே தின்கிறது. ஆகவே சாணமும் மூத்திரமும் ஈயும் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டாரின் வழக்காகிவிட்டன.

நகர்ப்புறங்களில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்ப்பதைக் கட்டுப்படுத்த 1997இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. என்றாலும் தெருவில் திரியும் மாடு செய்தியானது பெரும்பாலும் விபத்துக்குப் பிறகுதான். 2023 ஆகஸ்டில் சென்னை அரும்பாக்கத்தில் பள்ளிச் சிறுமி ஒருத்தியை மாடு முட்டித் தள்ளிய காட்சி பரவிய பின், மாநகராட்சி அபராதத்தை 5,000 ரூபாயாகவும், மறுபடி பிடிபட்டால் 10,000 ரூபாயாகவும் உயர்த்தியது; அடுத்த ஆண்டு அவை 10,000, 15,000 என ஏறின. 2024 ஜூனில் திருநெல்வேலிச் சாலையில் சண்டையிட்ட மாடுகள் இடித்ததில், இருசக்கர வாகனத்தில் வந்தவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். 4 அணாவிலிருந்து 10,000 ரூபாய்க்கு அபராதம் வந்த தூரம் இது. அன்று அந்தப் பணம் பயிருக்காக, இன்று பாதசாரிக்காக.

2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கும் சங்கரன்கோவில் வட்டத்துக்குள் இரண்டு சட்ட உலகங்கள் உண்டு. சங்கரன்கோவில் நகராட்சி. தேவர்கள் பசுக்களாகச் சூழ்ந்துவரத் தவமிருந்ததாகச் சொல்லப்படும் கோமதி அம்மனின் ஊரில் மாட்டின் கணக்கு நகராட்சி அலுவலகத்துக்குரியது. ஒன்றியத் தலைமையிடமான மேலநீலிதநல்லூரோ ஊராட்சி. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் வருவது.

கல்லூரியும் ஒன்றிய அலுவலகமும் உள்ள ஊர் ஓரங்களில் வளரும். மனை வாங்கி வருபவருக்குப் பக்கத்துத் தொழு புதிது. தொழுக்காரருக்கு மனை புதிது. சட்டத்தின் சாய்வு இங்கே தெளிவாகத் தெரிகிறது. 5,000 கோழிக்கு மேல் வளர்க்கும் புதுப் பண்ணை குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கின்றன மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல்கள். பண்ணைக்குப் பக்கத்தில் பிறகு மனை பிரிப்பவர் எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று அவை கேட்பதில்லை. இரண்டு பசு கட்டியிருக்கும் வீடோ இந்த அளவுகோலுக்குள்ளேயே வராது. அதற்குப் பெரும்பாலும் மிச்சம் இருப்பது சுகாதாரச் சட்டத்தின் ‘தொல்லை’ என்ற ஒரு சொல்தான்.

1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 134ஆவது பிரிவு, மேய்ச்சல் நிலம், களம், வண்டிப்பேட்டை, தோப்பு ஆகியவற்றோடு கால்நடை நிற்கும் மந்தைப் புறம்போக்கையும் ஒழுங்குபடுத்தும் பொறுப்பை ஊராட்சியிடம் தருகிறது. புகார் வந்தால் அலுவலர் முதலில் அளப்பது பசுவின் கட்டுத்தறியை. மந்தைப் புறம்போக்கில் இன்று எத்தனை சென்ட் மாட்டுக்கு மிஞ்சியிருக்கிறது என்ற கணக்கு கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவேட்டில்தான் இருக்கிறது.