சட்டத்தில் ‘லாம்’, எச்சரிக்கையில் ‘வேண்டும்’: ஃபெஞ்சலும் விழுப்புரமும்

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் பற்றிய பொறுப்பு விவாதம் பெரும்பாலும் சாத்தனூர் அணையின் மதகுகளையே சுற்றிவந்திருக்கிறது. டிசம்பர் 2 விடிவதற்குள் அங்கிருந்து தென்பெண்ணை ஆற்றில் 1.68 லட்சம் கனஅடி திறந்துவிடப்பட்டது. முன்னறிவிப்பு இல்லை என்றது எதிர்க்கட்சி; ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. ஆய்வுகளும் இவ்விரண்டில் ஒன்றுக்குச் சாட்சி சொல்லி ஓய்ந்துவிடுகின்றன. 2015 சென்னை வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரி போட்டுக்கொடுத்த தடம் இது.

இந்தத் தடத்தில் திண்டிவனம் கிடையாது. டிசம்பர் 1 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் பெய்தது 51 செ.மீ. அந்தத் தண்ணீருக்கும் சாத்தனூருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஏரிகள் வழியாகவும் சங்கராபரணி ஆறு வழியாகவும் வடிந்திருக்க வேண்டிய மழை அது. அதன் பிறகுதான் தெற்கே அரசூர், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் தென்பெண்ணை கரைபுரண்டது. ஒரே விழுப்புரம் மாவட்டம், அடுத்தடுத்து இரண்டு வெள்ளம். மதகைப் பற்றி மட்டும் பேசினால் முதல் வெள்ளத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

மதகை விட்டுவிட்டு எச்சரிக்கையின் வாசகத்துக்கு வருவோம். ஆண்டுதோறும் நாம் கேட்டுப் பழகிய வாய்பாடுதான்: தாழ்வான பகுதிகளிலும் கரையோரத்திலும் வசிப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்ல வேண்டும். வாக்கியத்தின் எழுவாய் மக்கள். ‘வேண்டும்’ அவர்கள் தலையில் விழுகிறது. ‘பாதுகாப்பான இடம்’ எது, எப்படிப் போவது என்பது வாக்கியத்துக்குள் இல்லை. மின்சாரம் போன ஊரில், நள்ளிரவில், கறவை மாட்டை அவிழ்ப்பதா, நடக்க முடியாத தாயைத் தூக்குவதா என்று நிற்பவருக்கு ஐந்தாவது எச்சரிக்கை முதலாவதைவிட எதையும் கூடுதலாகத் தருவதில்லை.

இனி 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஆணையம்தான் திட்டமிட்டு, ஒருங்கிணைத்து, செயல்படுத்தும் அமைப்பு என்று 30ஆம் பிரிவு கட்டாயத் தொனியில் தொடங்குகிறது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் பணிகளை அடுக்க ஆரம்பித்ததும் வினை ‘செய்யலாம்’ என்று நழுவுகிறது. ஆபத்து வரும் நேரத்துக்கான 34ஆம் பிரிவிலும் தங்குமிடமும் உணவும் மருத்துவமும் தர‘லாம்’. ஆக, அரசுக்கு ‘லாம்’, குடிமக்களுக்கு ‘வேண்டும்’. என் பார்வையில், பொறுப்பு கைமாறும் இடம் இதுதான், மதகு அல்ல.

அதிகாரம் கடமையோடு பிணைந்திருந்தால் ‘லாம்’ என்பதையும் கட்டாயமாகவே கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றனவே என்பார்கள். சொல்லியிருக்கின்றன, வெள்ளம் வடிந்து வழக்கு முடிந்த பிறகு. மத்திய அரசா மாநில அரசா என்ற சண்டையும் இங்கே அதிகம் உதவாது. 2,000 கோடி ரூபாய் கேட்ட இடத்தில் மாநிலப் பேரிடர் நிதிக்கான மத்தியப் பங்காக 944.80 கோடி வந்தது என்பது நிவாரணக் கணக்கு. டிசம்பர் 1ஆம் தேதி இரவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

ஒரு சொல்லை வைத்து மட்டும் அலட்சியத்தை நிறுவிவிட முடியாது. முகாம்கள் திறக்கப்பட்டன என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஆய்வாளர் தேட வேண்டியது மதகு திறந்த நேரத்தை அல்ல. எந்தப் பள்ளிக்கூடத்தின் பூட்டு எத்தனை மணிக்குத் திறந்தது, அதுவரை ஊருக்குள் வண்டி வந்ததா என்பதை. முதலில் மயிலத்தில், அதன் பிறகு அரசூரில்.