தரகு

மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுபவர் தரகர். நிலத்துக்கும் கல்யாணத்துக்கும் அதே பெயர்தான். சொல்லும்போதே குரலில் ஒரு இளக்காரம் ஒட்டிக்கொள்கிறது. சொல்லின் வயசுக்கு அது நியாயமில்லை. பல்லவர் செப்பேடுகள் அடுக்கும் வரிகளிலேயே 'தரகு' உண்டு. கம்பத்திலிருந்து குமுளி மலையேறி அந்தப் பக்கம் கேரளத்தில் இறங்கினால் 'தரகன்' என்பது குடும்பப் பட்டம்; பெயருக்குப் பின்னால் பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்கள்.

காப்பீட்டில் இந்தச் சொல்லுக்குத் தனிப் பொருள். நம் பக்கம் பாலிசி போட்டுத் தருகிற எல்லோரும் 'ஏஜென்ட்'தான். விதிகள் அப்படிப் பார்ப்பதில்லை. முகவர் நிறுவனத்தின் ஆள். தரகர் வாடிக்கையாளரின் ஆள். பல நிறுவனங்களின் பாலிசிகளை ஒப்பிட்டுச் சொல்வதும், இழப்பீடு கேட்கும்போது கூட நிற்பதும் தரகர் வேலை. அதற்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பதிவுச் சான்று வேண்டும், தன் பிழையால் வாடிக்கையாளர் நட்டப்பட்டால் ஈடுகட்டத் தானும் ஒரு காப்பீடு எடுத்திருக்க வேண்டும். ஆனால் கூலி வருவது பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து. நம் ஆளுக்கு அவர்கள் கூலி! எவ்வளவு என்று கேட்டுவிடுவதில் தப்பில்லை.

போடியில் ஏலக்காய்க் கிடங்கு வைத்திருப்பவருக்குத் தீ, திருட்டு என்று பலதையும் சேர்த்துப் பார்க்க இப்படி ஒருவர் உதவுவார். சின்னமனூரில் வாழை போட்டவருக்கு அவசியமில்லை. பிரதமர் பயிர்க் காப்பீட்டுக்கு வங்கி, கூட்டுறவுச் சங்கம், பொதுச் சேவை மையம் போதும். தோட்டப் பயிருக்கு விவசாயி கட்டும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம்.