ஐம்பது டாலர் நகரம்

1839-ல் ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞர் ஹோண்டுராஸ் காட்டுக்குள் ஒரு நகரத்தையே ஐம்பது டாலருக்கு வாங்கினார். கோபான். மாயா மன்னர்களின் தலைநகர். நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்த உள்ளூர்க்காரரை அசத்த, கழுகுப் பொத்தான்கள் வைத்த தன் தூதர் கோட்டை மாட்டிக்கொண்டு பேசியிருக்கிறார். கல்லுக்குப் போய் காசு கொடுக்கிறானே, பைத்தியமா இவன் என்றுதான் அவருக்குத் தோன்றியதாம்.

கூட வந்த ஓவியர் ஃபிரெடரிக் கேதர்வுட், கொசுவுக்குப் பயந்து கையுறை மாட்டி, சேற்றில் நின்றபடி வரைந்தார். முதல் நாள் கை வரவே இல்லை. எகிப்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கல் பிடிபடவில்லை. அந்தத் திணறல்தான் முக்கியம்னு எனக்குப் படுகிறது. எகிப்தியர் வந்து கட்டியது, இஸ்ரேலின் தொலைந்த குலங்கள் கட்டியது என்று அப்போது ஆளாளுக்குக் கதை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டீபன்ஸோ, இந்த மண்ணின் பூர்வகுடிகளின் முன்னோர்தான் கட்டினார்கள் என்று எழுதினார். சிற்பங்களை நியூயார்க்குக்குப் பெயர்த்துப் போக ஆசைப்பட்ட அதே ஆள்தான்.

கோபான் போனால் ‘க்யூ பலிபீடம்’ பார்க்காமல் வராதீர்கள். சதுரக் கல், பக்கத்துக்கு நான்கு பேராக 16 உருவங்கள். வானியல் அறிஞர்களின் மாநாடு என்றே ரொம்ப காலம் நம்பினார்கள். எழுத்தைப் படிக்க முடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: அத்தனை பேரும் மன்னர்கள். 426-ல் வம்சத்தைத் தொடங்கிய கினிச் யாஷ் குக் மோ, 776-ல் இந்தக் கல்லை வைத்த 16-ஆம் மன்னருக்கு ஆட்சிக்கோலை நீட்டுகிறார். நடுவில் 350 வருஷம்! 738-ல் கிரிகுவா என்ற சின்ன ஊர் 13-ஆம் மன்னரைப் பிடித்துத் தலையை வெட்டியதில் ஆட்டம் கண்ட வம்சம் அது. பாட்டன் பூட்டன் வரிசையைக் கல்லில் அடித்துக் காட்ட வேண்டிய நெருக்கடி.

இதே பாணியில் 822-ல் இன்னொரு கல். ஒரு பக்கம் மட்டும் செதுக்கி முடித்திருக்கிறார்கள். மற்றதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

உடனே ‘மர்மமாக மறைந்த மாயாக்கள்’ என்று தம்ப்நெயில் போட்டுவிடுவார்கள் நம்ம யூடியூபர்கள். மறைந்தது மன்னர்கள். சோர்த்தி மாயாக்கள் இன்றும் அந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றி வாழ்கிறார்கள். அவர்கள் பேசும் மொழி அந்தக் கல்வெட்டு மொழிக்கு நெருங்கிய சொந்தம். 1990களின் கடைசியில், உழ நிலம் கேட்டு இந்த இடிபாடுகளின் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். சுற்றுலாப் பயணிகளால் உள்ளே போக முடியவில்லை.